கொண்டைக்கடலைக்காரியின் தொப்பி

நெருங்கிய நண்பர் ஒருவர், நெற்றியில் உங்கள் பெயர் எழுதிய மண்டையோட்டை நீட்டி, "சாப்பிடு, இனிப்பா இருக்கும்" என்கிறார். போலீஸுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நவம்பர் பிறந்துவிட்டால் மெக்ஸிகோவில் இதற்குப் பெயர் பாசம். ஓடு சர்க்கரையில் செய்தது.

செத்தவர்கள் வீடு திரும்பும் திருநாட்கள் இவை: நவம்பர் 1 செத்துப்போன குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. வீட்டில் படையல் போட்டு, ரொட்டி, உப்பு, தண்ணீர் எல்லாம் வைப்பார்கள். தாத்தாவுக்குப் பிடித்த தெகீலாவும் சிகரெட்டும்கூட உண்டு. உயிரோடிருந்தபோது டாக்டர் கூடாது என்றவைதான். இனி டாக்டர் என்ன செய்துவிட முடியும்?

ஆவிகள் வழி தவறாமல் வீடு வந்து சேர, செண்டுமல்லி இதழ்களைத் தூவிப் பாதை போடுவார்கள். வாசம் பிடித்தே வந்துவிடுமாம். சிக்னல் போகாத கூகுள் மேப்! நம்மூர் ஆயுதபூஜை மாலையில் மணக்கிற அதே பூதான். பரம்பரை பரம்பரையாக நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருப்பதன் பூர்வீகம் மெக்ஸிகோ.

செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதை. உயிரோடிருப்பவர்களுக்கு? இரங்கற்பா! மந்திரி, முதலாளி, வாத்தியார் யாரையும் விடாமல், மரணம் வந்து அவரை எப்படி இழுத்துக்கொண்டு போனது என்று கிண்டலாகப் பாட்டு எழுதிவிடுவார்கள். வேறு சில ஊர்களில் இதற்கு அவதூறு வழக்குப் போடுவார்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

இப்படிப்பட்ட பாட்டுகளை மலிவுத் தாளில் அச்சடித்து விற்றபோது, அதற்குப் படம் போட்டவர்களில் ஒருவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. போர்ஃபீரியோ தியாஸ் முப்பது வருஷத்துக்கும் மேல் ஜனாதிபதி நாற்காலியைப் பிடித்திருந்த காலம். பாரீஸில் தும்மினால் மெக்ஸிகோ சிட்டி மேல்தட்டு கைக்குட்டை எடுத்தது. கொண்டைக்கடலை விற்ற பூர்வகுடிப் பெண்களில் சிலரும் ஐரோப்பிய துரைசானி போல மினுக்கினார்களாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

போசாதா ஒரு மண்டையோட்டை வரைந்தார். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. தலையில் மட்டும் பூவும் நெருப்புக்கோழி இறகும் வைத்த மகா பெரிய பிரெஞ்சுத் தொப்பி. பெயர், கொண்டைக்கடலைக்காரி.

சரி, கிண்டல் முடிந்தது, அவளும் காணாமல் போயிருக்க வேண்டும். போனாளா? 1947இல் ஓவியர் தியேகோ ரிவேரா, மெக்ஸிகோ சிட்டியில் ஒரு ஹோட்டலுக்கு வரைந்த பிரம்மாண்டமான சுவரோவியத்தின் நட்டநடுவில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார். முழுநீள கவுன், தோளில் இறகுச் சால்வை, கூடவே புதுப் பெயரும் ஒட்டிக்கொண்டது: கத்ரீனா. நம் பாஷையில் மைனரம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுசைக் கேலி செய்யப் பிறந்தவளுக்கே பவுசு வந்துவிட்டது!

ரிவேரா தன்னை மறப்பாரா? அறுபது வயது மனுஷர் தன்னை அரைக்கால் சட்டைப் பையனாக வரைந்து, கத்ரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அவர் தோளில் கை வைத்து நிற்பது பெண்டாட்டி ஃப்ரீதா காலோ. அம்மா ஸ்தானத்தில்! வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் நான் பார்த்ததில்லை.

2015இல் ஜேம்ஸ் பாண்ட் வந்தார். 'ஸ்பெக்டர்' படம், மெக்ஸிகோ சிட்டித் தெருக்களில் ராட்சத எலும்புக்கூடுகளின் ஊர்வலத்தோடு தொடங்கும். பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள், ஆஹா, என்ன பாரம்பரியம்! அதற்கு முன் அப்படி ஒரு ஊர்வலம் அந்த நகரத்தில் நடந்ததே இல்லை. ஆனால் படம் பார்த்த டூரிஸ்ட் டிக்கெட் போட்டு வந்து "எங்கே ஊர்வலம்?" என்று கேட்டால்? 2016 அக்டோபர் 29 அன்று அரசாங்கமே ஒன்று நடத்திவிட்டது. இப்போது அது வருஷா வருஷம் நடக்கிறது. பாட்டன் காலத்து வழக்கம், பாட்டன் பெயர் பாண்ட்.

அந்த ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான கத்ரீனாக்கள், மணிக்கணக்கில் மேக்கப் போட்டுக்கொண்டு, தொப்பி சரியாமல் செல்ஃபி எடுத்தபடி.

போசாதா? 1913 ஜனவரியில் காசில்லாமல் செத்தார். இலவசக் குழியில் புதைத்தார்கள். ஏழு வருஷம் கழிந்தும் உரிமை கோர யாரும் வராததால், எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பொதுக்குழியில் மற்றவர்களோடு கொட்டிவிட்டார்கள். அங்கே எது அவர் மண்டையோடு என்று யாராலும் சொல்ல முடியாது. தொப்பி இல்லாத ஒன்று என்பது மட்டும் நிச்சயம்.