எஞ்சின் பதிப்பியல்: ஒரு முன்னாய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கோப்பதை மெக்கானிக் வேலை என்று உலகம் நினைக்கிறது. உண்மையில் அது சுவடிப் பதிப்பு. இதை நிறுவக் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரைவிடத் தக்க களம் இல்லை. பழைய கார் பாகங்கள் விற்கும் அந்தக் கடைத்தெருவை நூலகம் என்றே இவ்வாய்வு கொள்கிறது.

எடுத்துக்கொண்ட சுவடி, இங்கிலாந்தில் 1955இல் வெளிவந்த எம்ஜிஏ. 1489 சிசி, நாலு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், தொடக்கத்தில் 68 குதிரைத்திறன். இதே பி-சீரிஸ் எஞ்சின்தான் ஒற்றைக் கார்புரேட்டரோடு, உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடரிலும் பல ஆண்டு ஓடியது. ஆக, ஹவுரா ஸ்டேஷன் வாசலில் பேரம் பேசி ஏறிய பெட்ரோல் அம்பாசடருக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மறைந்திருந்தது என்பது பெறப்படும்.

இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டுபட்டது. சிலிண்டரின் விட்டம் இரண்டிலும் ஒன்றே. அம்பாசடரின் உதிரியைப் போட்டு வண்டியை ஓட்டு என்பது வழக்குக் கட்சி. பிளாக்கில் அடித்த எண் மாறினாலே வண்டி போலி என்பது மூலபாடக் கட்சி.

ஹெட் கேஸ்கெட்: புதிதாகத்தான் போட வேண்டும். இதில் சண்டை இல்லை. ஆகவே ஆய்வுக்கு உரியதன்று.

ரீபோர் அப்படியல்ல. சிலிண்டர் தேய்ந்து வண்டி புகை தள்ளினால், உள்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள்: முதலில் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு கூடுதல், அடுத்து 40. ஒவ்வொரு ரீபோரும் ஒரு மறுபதிப்பு. சுவர் மெலிந்துபோனால் ஸ்லீவ் என்ற புது இரும்புக் குழாயை உள்ளே இறக்கிப் பழைய அளவான 73.025 மில்லிமீட்டருக்கே திரும்பலாம். அளவு ஆதியில் இருந்தது, இரும்பு நேற்று வந்தது. இது மூலமா, மீட்டுருவாக்கமா? பிஸ்டன் தலையில் பொறித்த ‘020’ஐக் கல்வெட்டாகக் கொண்டு காலம் கணிப்பர் ஒருசாரார் (கடை ரசீது, பின்பக்கம், வரி 3). அது முந்தைய ஓனர் காலத்து இடைச்செருகல் என மறுப்பர் மற்றொருசாரார் (அதே ரசீது, கிரீஸ் கறைக்கு அடியில், கட்டைவிரல் ரேகைக்கு இடப்புறம், ஒப்புநோக்குக: லேத் பட்டறைக் காலண்டர், துர்கா பூஜை வாரம், பென்சில் குறிப்பு, பிற்காலக் கையெழுத்து). அந்த ஒருசாரார் யாவர் என்பதற்கு இக்கட்டுரையையே சான்றாகக் காண்க. ஒரு நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிப் பழகியவர்களுக்கு இது போதும்.

இனி, பின் சீட் பெல்ட் இயல். எம்ஜிஏவுக்குப் பின் சீட்டே கிடையாது. இயல் முற்றிற்று.

அதே குடும்பத்தில் 1965இல் வந்த எம்ஜிபி ஜிடிக்கு உண்டு. ஆனால் பெரியவர்கள் அதில் மடங்கித்தான் உட்கார வேண்டும். மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்து போவதென்றால் அம்பாசடரின் சோபாதான். பழைய வண்டிகளில் அங்கே பெல்ட் இல்லை. மும்முனை பெல்ட்டை நில்ஸ் போலின் வடிவமைத்து வால்வோ 1959இலேயே காரில் மாட்டியிருந்தும், மூலபாடக் கட்சிக்கு அது இடைச்செருகல். பழைய கார் ராலியின் நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாராம்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவரோடு பின் சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். பெல்ட் உள்ள காரில் பின்னால் உட்கார்ந்து போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்ற சட்டம் அப்போதும் இருந்தது. பெல்ட்டே இல்லாத பழைய காரை அந்த விதி கேட்பதில்லை. மூலபாடக் கட்சி மேற்கோள் பிசகாமல் எடுத்துக்காட்டும் ஒரே சட்டம் இதுதான்.

பழைய காரில் பின் சீட் பெல்ட் பொருத்துவது பெரிய வித்தையல்ல. 7/16 அங்குல போல்ட், தகரத்துக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு. தகடு இல்லாமல் வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு முடுக்கினால், இடிக்கும்போது போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கொல்கத்தா மழையில் ஊறிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றுகிறவர்கள் பிஸ்டன் எண்ணைப் பிறகு படிக்கலாம். முதலில் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் வெல்டரைக் கூப்பிடுங்கள்.