தூங்கியதற்குச் சாட்சி

சாப்பிட்டதற்கு வயிறு சாட்சி, நடந்ததற்குக் கால் சாட்சி. தூங்கியதற்கு மட்டும் அடுத்தவர்தான் சாட்சி சொல்ல வேண்டும். என் விஷயத்தில் அதற்குக் குறைவே இருந்ததில்லை. மனைவி, அம்மா, பிள்ளைகள், பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்தில் விடிய விடிய உட்கார்ந்தே வந்த முன்பின் தெரியாத பயணிகள் என எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மனுஷன் என்னமாத் தூங்குறாரு!" தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். மாத்திரை போட்டும் தூக்கம் வராத நண்பர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இத்தனை சாட்சிகளையும் ஒரே வரியில் தள்ளுபடி செய்தார் டாக்டர். "நீங்க தூங்கவே இல்லை சார்."

தலையில் பசை தடவி, மார்பிலும் காலிலும் ஒயர் ஒட்டி, மூக்கில் ஒரு குழாயைச் செருகி, விரலில் கிளிப் மாட்டி, "வீட்ல தூங்குற மாதிரி நார்மலாத் தூங்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போன பரிசோதனையின் முடிவு அது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடுகிறது. பத்து விநாடி, அதற்கும் மேலே, மூச்சு நின்றுபோகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை அலறியடித்து எழுப்புகிறது. ஒரு பெரிய செருமல், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் எதுவும் நினைவிருக்காது. இப்படி மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் இயல்பு. 30-ஐத் தொட்டால் கடுமை. எனக்கு 38.

எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நான் வாங்கியதும் 38தான். 35 எடுத்தால் பாஸ் என்பதால் அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். அதே எண்ணுக்கு இந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

பரிசோதனைக்கு முன்பே ஒரு கேள்வித்தாளையும் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல். எட்டு சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் கண் அயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், மது அருந்தாமல், அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது தூங்கிவிடுவீர்களா? மெல்போர்னில் இது கேள்வி. மதுரையில் தினசரி நிகழ்ச்சி நிரல். கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது? 3. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது? 0 போட்டேன். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த மனைவி பேனாவை வாங்கி அதை 3 ஆக்கினாள்.

ஆக, இரவில் மாட்டிக்கொண்டு தூங்க டாக்டர் எழுதிக்கொடுத்த சிபேப் மெஷின் வீடு வந்து சேர்ந்தது. மாஸ்க்கையும் குழாயையும் பார்த்த அம்மா, "ஏய்யா, ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்கு முத்திப்போச்சா?" என்று கண் கலங்கினார். ஆக்ஸிஜன் இல்லை, இதே அறையின் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தி மூக்குக்குள் அனுப்புகிறது, அந்த அழுத்தத்தில் தொண்டை அடைபடாமல் நிற்கிறது என்று விளக்கினேன். அம்மாவின் கண்ணீர் சட்டென்று நின்றது. "நம்ம வீட்டுக் காத்துக்கா இவ்வளவு ரூவா?"

இந்த மெஷினைக் கண்டுபிடித்தவர் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன். ஐந்து நோயாளிகளுக்குப் பயன்பட்டதை 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். அதுவரை கடுமையான நோய்க்கு இருந்த வழி தொண்டையில் துளை போடுவது. ஆரம்பகால மெஷின்களில் இருந்தது வாக்குவம் கிளீனர் மோட்டார். மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் பசை போட்டு மூக்கில் ஒட்டுவார்கள். அந்த இரைச்சலிலும் அந்த மனிதர்கள் தூங்கினார்கள். என் மெஷினோ சத்தமே போடாது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

"சார், 4 செ.மீ. நீர் அழுத்தத்தில ஆரம்பிக்கும், மெதுவா ஏறும். அது ஏறுறதுக்குள்ள நீங்க தூங்கிடணும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார் டெக்னீஷியன் தம்பி. போட்டி என்றாலே எனக்குப் படபடப்பு. காற்று இப்போது 6-க்கு வந்திருக்குமா, 8-க்கா என்று கணக்குப் போட்டபடி கிடந்தேன். வெளியே விடும் மூச்சு, உள்ளே வரும் காற்றோடு மல்லுக்கு நின்றது. அந்த நேரம் பார்த்து, "என்னங்க, கேஸை மூடினீங்களா?" என்றாள் மனைவி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கு வழியாக ஏறிய காற்று வாய் வழியாகப் புஸ்ஸென்று இறங்கியதே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை. அவளே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவளுக்கும் தூக்கம் போயிற்று. இத்தனை வருஷம் குறட்டையால் போன தூக்கம், இப்போது குறட்டை இல்லாததால் போனது. நடுநிசியில் என் தோளை உலுக்கி, "என்னங்க, இருக்கீங்கள்ல?" என்பாள். இருக்கிறேன் என்று காற்றால் பதில் சொல்வேன்.

அப்படி இப்படிக் கண் அசந்தாலும் மூன்று மணிக்கு மாஸ்க் ஓரத்தில் விசில் கிளம்பும். காற்றுக் கசிவு. டெக்னீஷியன் வந்து பார்த்து, தயங்கித் தயங்கி, "சார், மீசை இருந்தா சீல் ஆகாது..." என்று இழுத்தார். மதுரைக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? என் முகம் போன போக்கைப் பார்த்து, மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் வேறு மாஸ்க்கை அவசரமாக எடுத்து நீட்டினார். மீசை தப்பியது. ஆனால் இரவெல்லாம் விழுங்கிய காற்று காலையில் ஏப்பமாகக் கிளம்பியது. "உருளைக்கிழங்கு வேணாம்னேன், கேட்டியா?" என்றார் அம்மா.

மூக்கு வறண்டு போகாமலிருக்க மெஷினில் தண்ணீர் ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்து கலக்கும் சின்னக் குப்பிகள்தான் கிடைத்தன. பேட்டரிக் கடைக்குப் போனேன்.

"இன்வெர்ட்டருக்கா சார்?"

"இல்லைங்க, எனக்கு."

கடைக்காரர் கேனை எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பேட்டரித் தண்ணி வேணாம் சார், பேர் போட்டு சீல் வச்ச பாட்டிலா எடுத்துக்கங்க. எங்க மாமாவுக்கும் இந்த மெஷின்தான்" என்றார். ஊரில் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

காலையில் போனில் மதிப்பெண் வரும். மொத்தம் 100. ஏழு மணி நேரம் மெஷின் ஓடினால் 70, கசிவு இல்லையென்றால் 20, மூச்சு ஒழுங்காக இருந்தால் 5, நடுவில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டாமல் இருந்தால் 5. விட்டத்தை வெறித்தபடி ஓர் இரவு முழுக்கக் கிடந்தேன். விடிந்ததும் 98. வாழ்க்கையில் நான் எடுத்த அதிகபட்ச மதிப்பெண் அதுதான். பாவம், அந்த மெஷினுக்குத் தெரிந்தது காற்றும் மூச்சும். மூச்சு விடுகிறவன் தூங்குகிறானா, வீட்டுக்கடன் தவணையை நினைத்துக்கொண்டிருக்கிறானா என்று அது கேட்பதில்லை. முன்பு தூங்காதவனைத் தூங்கியதாகச் சொல்ல ஒரு குடும்பமே தேவைப்பட்டது. இப்போது ஒரு மெஷின் போதும்.

டாக்டரிடம் முறையிட்டேன். "பகல்ல டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகுங்க. தூக்கம் வந்தா மட்டும் படுங்க, வராம புரளாதீங்க" என்றார். மாஸ்க்கோடு சீரியல் பார்த்தேன். மாஸ்க்கோடு கதவைத் திறந்ததில் ஒரு கூரியர் தம்பி கையெழுத்து வாங்காமலே ஓடினார். ஆனால் வைத்தியம் பலித்தது. மூக்குக்கும் காற்றுக்கும் சமாதானம் ஏற்பட்டு, எப்போது தூங்கினேன் என்று தெரியாமலே தூங்க ஆரம்பித்தேன். ஆறு மணி அலாரத்தை ஏழரை வரை அடிக்கவிட்டவன், ஐந்துக்கே எழுந்து, எழுப்ப ஆள் தேடினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் கண் திறந்தே இருந்தது.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வழக்கமாக, வரவேற்புரையில் கண்ணை மூடினால் நன்றியுரையில்தான் திறப்பேன். இந்த முறை தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், நாய்த் தொல்லை எல்லாவற்றையும் கொட்டக் கொட்ட விழித்துக் கேட்டேன். "இவ்வளவு அக்கறையா யாரும் கேட்டதில்லை" என்று தலைவர் உருகிப்போய், அங்கேயே என்னைப் பொருளாளர் ஆக்கினார். 38 வாங்கிய கணக்கு!

இப்போது லிஃப்ட் கணக்கு உதைக்கிறது. அதை நினைத்தால் பொட்டுத் தூக்கம் இல்லை. மெஷின் மட்டும் தினமும் 98 போட்டுக்கொண்டிருக்கிறது.