தாங்குவோர் இலக்கணம்

பாயிரம்

சொந்த ஊரில் கோயில் கட்டப் பணம் கொடுத்தவர் சாயங்காலம் நடந்துபோய்ச் சுவர் எத்தனை அடி எழும்பியிருக்கிறது என்று பார்த்து வரலாம். கொத்தனாரை நாலு கேள்வியும் கேட்கலாம். மிஷனெரி ஊழியத்துக்குக் கொடுப்பவருக்கு இந்தச் சுகம் கிடையாது. பாளையங்கோட்டையில் கவரில் வைத்து ஒட்டிய நூறு ரூபாய் ஒடிசா மலையில் யாருடைய பஸ் டிக்கெட் ஆகிறது, யாருடைய மலேரியா மாத்திரை ஆகிறது என்பதை அவர் பார்க்கப்போவதில்லை. காணாத இடத்துக்கு, காணாத ஆளுக்கு, பணமும் ஜெபமும் அனுப்பிவைக்கும் இந்த வழக்கத்தைத் திருநெல்வேலிச் சபைகள் ‘தாங்குதல்’ என்கின்றன. எழுத்துக்கும் சொல்லுக்கும் யாப்புக்கும் இலக்கணம் கண்ட நாட்டில் தாங்குதலுக்கு ஒரு நூல் இல்லாத குறை நெடுங்காலமாக இருந்துவந்தது. அது தீரவே இந்நூல். ஆக்கியோன் எந்தக் கமிட்டியிலும் உறுப்பினன் அல்லன். ஆதலால் நடுநிலைமை உடையவன் என்க.

நூற்பா:

காணா தீதலும் காணாது வேண்டலும்
தாங்கல் என்ப சபையறிந் தோரே.

உரை: ‘காணாது’ என இருமுறை சொன்னது, கண்டு கொடுப்பது வேறு நூலுக்குரிய பொருள் என்று விலக்குவதற்காக. அற்றேல், பணித்தளம் பார்த்துவர வேன் பிடித்துப் போனவர் தாங்குவோர் ஆகாரோ எனின், ஆவர். வேன் திரும்பி வந்து, எடுத்த போட்டோக்களை எல்லாருக்கும் காட்டி முடித்த பிறகும் கொடுத்தால்.

காணிக்கை இயல்

காணிக்கைகளில் தலையாயது பிடிக் காணிக்கை. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது இதன் இலக்கணம். வாரக் கடைசியில் சபைப் பெண்கள் பையோடு வந்து பானையைக் கவிழ்த்து வாங்கிப்போவார்கள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே மூட்டையில் கலந்திருக்கும். உலையில் போட்டால் பாதி குழையும், பாதி விறைக்கும். ஆகையால் அதை விலைக்கு வாங்குபவரையும் காணிக்கை கொடுப்பவராகவே கொள்க.

இவ்வகையை வளர்த்து ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் மிசோரம் பெண்கள். அங்கே ‘புஃபாய் தாம்’ என்ற பெயரில் 1910-ல் தொடங்கிய பிடியரிசி இன்றுவரை நிற்கவில்லை. பிரஸ்பிட்டேரியன் சபையின் ஊழியச் செலவில் நல்லதொரு பங்கு அடுப்படியிலிருந்து வருகிறது. காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. வீட்டில் பணம் ஆண் கையில் இருந்தது, அரிசிப்பானை பெண் கையில் இருந்தது. யாரையும் கேட்காமல் அவள் கொடுக்கக்கூடியது அந்த ஒரு பிடிதான். சோறு கொஞ்சம் குறைந்ததை வீட்டுக்காரர் கவனித்தாரா என்பது பற்றி ஏடுகள் மௌனம்.

பிடிக் காணிக்கைக்கு நகரத்துத் தங்கை ஒன்று உண்டு. அது சில்லறைக் காணிக்கை. பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டுத் தொழிலாளிப் பெண்களிடம் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் வாரம் ஒரு சூ கேட்டார். சூ என்பது அன்று அந்நாட்டில் வழங்கிய செப்புக்காசு. பத்துப் பேருக்கு ஒருத்தி வசூலிப்பாள், பத்து வசூல்காரிகளுக்கு மேல் ஒருத்தி, அவர்களுக்கும் மேல் ஒருத்தி. இன்றைக்குச் சோப்பும் சத்துமாவும் விற்பவர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்திருக்கும் ஏணி இதுதான். வித்தியாசம், மேல்படியில் நின்றவளுக்குக் கமிஷன் இல்லை. 1822-ல் அது முறையான சங்கமாகி, உலகெங்கும் கத்தோலிக்க மிஷன்களுக்குச் சோறு போட்டது. வசூலித்த அம்மையார் கடைசிக் காலத்தில் கடன்பட்டு வறுமையில் இறந்தார். 2022-ல்தான் அவருக்கு அருளாளர் பட்டம் வந்தது.

அடுத்தது வாக்குக் காணிக்கை. கையில் இல்லாததைக் கொடுப்பது. 1792 அக்டோபரில் இங்கிலாந்தின் கெட்டரிங் என்னும் சிற்றூரில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் ஒரு வீட்டுப் பின்னறையில் கூடி, ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தார்கள். எழுதிய சீட்டுகளைப் போட உண்டியல் இல்லை; ஆண்ட்ரூ ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பா கைக்குக் கிடைத்தது. மொத்தம் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ், அதுவும் வெறும் வாக்கு. மறு வருஷமே அந்தச் சங்கத்தின் ஆளாக வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கினார். தும்மலுக்கும் உலக மிஷன் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை வேறு யாராவது ஆராயட்டும்.

இனி, நம் திருநெல்வேலிச் சீமையின் ஏலக் காணிக்கை. அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வாழைத்தார், பூசணி, கருப்பட்டிக் கொட்டான், கால் கட்டிய சேவல், பனங்கிழங்குக் கட்டு எல்லாம் வந்து குவியும். ஏலம் விடுபவருக்குத் தொண்டை வேண்டும்; அதைவிட, ஊரில் யாருக்கு யார் சம்பந்தி, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்ற ஞானம் வேண்டும்.

“ஒத்த முட்டை! நாட்டுக்கோழி முட்டை! அம்பது ரூவா!”

“அறுவது.”

“அண்ணாச்சி அறுவது கேக்காவ. எதுத்தாப்ல சம்பந்தி சும்மா நிக்காவளே!”

“நூறு!”

“நூறு ஒருதரம்… நூறு ரெண்டுதரம்… அண்ணாச்சி, சம்பந்தி நூறு சொல்லிட்டாவ, பாத்துக்கிடுங்க…”

முந்நூறில் முடிகிறது. வாங்கியவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு முட்டையைத் திருப்பி நீட்டுகிறார்: “மறுபடியும் ஏலத்துல விடுங்கய்யா.” இப்படி ஒரே முட்டை ஒரே மதியத்தில் பல பேருக்குச் சொந்தமாகும். அதை யாரும் பொரித்துத் தின்றதாகச் சான்று இல்லை.

ஊரே பார்க்கக் கொடுப்பது எப்படிக் ‘காணா தீதல்’ ஆகும் என்று இங்கே தடை எழுப்புவர். கொடுப்பவர் காணப்பட்டாலும், பணம் போய்ச்சேரும் இடம் காணப்படாததால் ஆகும் என்பது எம் துணிவு. சம்பந்தியை ஜெயிக்க எழுந்த வீம்பு, பத்து நாளில் ஒரு மிஷனெரி பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமாக மாறிவிடுகிறது. வீம்பை இவ்வளவு லாபமாக மாற்றும் வேறு ஏற்பாடு எமக்குத் தெரியவில்லை.

கல்லேறு காணிக்கை என்பது பளிங்குக் கல்லில் பெயர் வெட்டிக்கொள்வது. மிஷன் காணிக்கையில் இது அருகியே வழங்கும். பெயரைப் பொறிக்க அங்கே சுவர் இருந்தாலும் அதை வாசிக்கச் சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் கல்லையும் மிஞ்சி ஊரின் மேலேயே பெயர் ஏறியதுண்டு. கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கிக் கொடுத்தவர் சாயர், ஊர் சாயர்புரம். மிஷனெரி ரேனியுஸ் ஐயர் காலத்தில் பணம் உதவிய ஜெர்மானியப் பிரபு டோனா, ஊர் டோனாவூர். களக்காட்டுப் பக்கம் பஸ் கண்டக்டர் நாள்தோறும் ஒரு பிரஷ்யப் பிரபுவின் பெயரைக் கூவி ஆள் ஏற்றுகிறார். கல்லுக்குக் காசு கொடுத்த யாருக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

அதே டோனாவூரில்தான் எதிர்வகையான கேளாக் காணிக்கையும் தழைத்தது. பணத்துக்காக மனிதரிடம் வேண்டுகோள் விடுப்பதில்லை என்பது, அங்கே குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கொள்கை. 1865-ல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கிய ஹட்சன் டெய்லர் போட்டுவைத்த பாதை அது. இவ்வகையினர் கேட்கமாட்டார்கள், எழுதுவார்கள். குழந்தைகள் இத்தனை பேர், கூரை ஒழுகியது, அன்று காலைத் தபாலில் என்ன வந்தது என்று எழுதுவார்கள். வாசிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியார்டர் பாரத்தைத் தேடுவார். கேளாமை ஆயிற்றா இல்லையா என்ற வழக்கை நாம் தீர்க்கப்போவதில்லை. 1951-ல் இறந்த அம்மையார் தம் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள். பணம் கொடுத்தவர் பெயரில் ஊர், பாடுபட்டவர் பெயரில் கல்கூட இல்லை. இலக்கணப்படி இது வழு என்பர். வழுவமைதி என்பேம் யாம்.

ஓலை இயல்

காணாமல் கொடுப்பவர் கண்ணுக்குப் பதில் கடிதத்தைக் கேட்பார். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரி சீகன்பால்க் முதலானோர் எழுதிய கடிதங்களை 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சிட்டு, கொடுப்போருக்கு அனுப்பினார்கள். நம் கடற்கரையின் சாதி, சமையல், கல்யாணம், தர்க்கம் எல்லாம் இப்படித்தான் ஐரோப்பியக் குளிர்கால வீடுகளில் வாசிக்கப்பட்டன. ஆனால் கொடுப்போர் தாங்கும் அளவுக்கே செய்தி போகும் என்பது இவ்வியலின் விதி. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713-ல் ஒரு நூலே எழுதி அனுப்பினார். பொய்த் தெய்வங்களை ஒழிக்க அனுப்பிய ஆள் அவற்றின் வம்சாவளியை இவ்வளவு அக்கறையாக எழுதுவதா என்று ஹாலேயில் ஓரங்கட்டிவிட்டார்கள். அது அச்சேற 1867 ஆயிற்று. தாங்குவோர் மனம் கோணக்கூடாதே என்று ஒதுக்கிய ஏட்டைத்தான் இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

ஜெப இயல்

ஜெபத்துக்குக் கணக்கு நோட்டு கிடையாது. எனவே போலிகள் மிகுதி. சிலவற்றை மட்டும் காட்டுதும்.

கன்னியாகுமரியில் புறப்பட்டுக் காஷ்மீர் வரை ஒரு மாநிலமும் விடாமல் போய், பிறகு சீனா, அரபு நாடுகள் வழியாக ‘ஆமென்’ சேர்வது நெடுஞ்ஜெபம். “ஆண்டவரே, நேற்றுக் கமிட்டியில் பொருளாளர் பேசியதை நீர் அறிவீர்” என்று கடவுளுக்குத் தெரிந்ததைப் பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரிவிப்பது அறிவிப்பு ஜெபம். “ஜெபிக்கிறேன் பிரதர்” என்று கைகுலுக்கிவிட்டு, பைக்கை உதைக்கும்போதே மறப்பது கடன் ஜெபம். இதன் மிக அண்மை வடிவம் வாட்சப்பில் வரும் கூப்பிய கை.

சங்கிலி ஜெபம் வேறு சாதி. 1727-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொரேவியச் சபையார், ஆண்கள் 24 பேர், பெண்கள் 24 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று இரவுபகல் பிரித்துக்கொண்டார்கள். அறுபடாமல் நூறாண்டு ஓடியது என்பர். தொடங்கிய ஐந்தாம் ஆண்டே அந்தச் சின்ன ஊர் மேற்கிந்தியத் தீவுக்கு ஆள் அனுப்பியது. 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். நம் சபைகளில் சங்கிலி போடும்போது வாலிபர்கள் போட்டி போட்டுக்கொண்டு மாலை ஏழு மணியை எழுதிக்கொள்வார்கள். விடியற்காலை மூன்று மணிக் கட்டத்தில் எப்போதும் ஒரு பாட்டியின் பெயர்தான் இருக்கும். “எனக்கு எப்படியும் உறக்கம் வராதுய்யா” என்பது அவர் கூறும் ஏது.

அந்தப் பாட்டி வீட்டுப் பீரோவைத் திறந்தால், கதவின் உட்புறத்தில் ஒரு மிஷனெரி குடும்பத்தின் படம் ஒட்டியிருக்கும். அப்பா, அம்மா, ரெட்டைச்சடைப் பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பது: பெரியவளுக்கு மூச்சிரைப்பு, ஜீப் ரிப்பேர், புது பாஷை பிடிபடவில்லை. ஜீப்பை விற்று வருஷங்கள் ஆகியிருக்கும், கைக்குழந்தை காலேஜ் போயிருக்கும். பாட்டி ஜீப்புக்கும் விடாமல் ஜெபித்துக்கொண்டிருப்பார். இது பெயர் ஜெபம். எல்லா மிஷனெரிகளையும் மொத்தமாக ஆசீர்வதிக்கச் சொல்லும் ஜெபம் இதன் கால்தூசி பெறாது என்பது எம் கருத்து. ஊர் பெயரும் ஆள் பெயரும் வாயில் வந்துவிட்டால், மாதக் கடைசியில் கவர் தானாக நிரம்பும். தமிழ்நாட்டில் எழுந்து வடநாடெங்கும் ஆள் அனுப்பும் பிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் பெயரிலேயே ஜெபத்தை வைத்துக்கொண்டது இந்தக் கணக்குத் தெரிந்ததால்தான் போலும்.

புறனடை

இதுவரை கொடுப்போர் ஒருபுறம், பெறுவோர் ஒருபுறம் என்று கொண்டு இலக்கணம் செய்தோம். வெள்ளாளன்விளை வே. ச. அசரியா இதைக் குழப்பினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் செலவிலேயே மிஷனெரி அனுப்புவதைக் கண்டார். அதுவரை மேல்நாட்டுப் பணத்தில் வளர்ந்த திருநெல்வேலிக்கு அது உறைத்தது. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது: ஆள் நம்மவர், பணம் நம்மவருடையது, நிர்வாகமும் நம்மவர். முதல் தளம், நிஜாம் நாட்டில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல். அசரியா 1912-ல் அங்கேயே பேராயரானார். போன இடத்தில் கூலி விவசாயிகளிடமும் ‘நீங்களும் கொடுங்கள்’ என்றார். பிடியரிசியும் கோழியும் தானியமும் வந்தன. பெறுவோர் பத்தியில் எழுதிய பெயர்களைக் கொடுப்போர் பத்திக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

மிசோரம் செய்தது அதைவிடச் சிக்கல். 1897-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து டி. இ. ஜோன்ஸ் அந்த மலைக்குப் போனார். இப்போது வேல்ஸில் கோயில்கள் காலியாக, மிசோ சபை அங்கே ஊழியரை அனுப்பியிருக்கிறது. வேல்ஸ்காரர் தாங்குவோரா, தாங்கப்படுவோரா? இரண்டும் எனின் நூல் முழுவதையும் திருத்த வேண்டும். இவ்வகையை ‘மறுதலைத் தாங்கல்’ எனக் குறித்து அடுத்த பதிப்பில் விரிப்போம். அதன் அச்சுச் செலவுக்கு வாக்குக் காணிக்கையும் ஏற்கப்படும். முட்டையாகக் கொடுப்போர் அவித்துக் கொடுக்க.