மூன்று கிரெடிட் புண்ணியம்

வசந்த விடுமுறை வந்தால் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. கடற்கரைக்குப் போய்க் குடித்துக் கூத்தடிக்கலாம். அல்லது குவாத்தமாலா மலைக்குப் போய் ஏழைகளைக் கடைத்தேற்றலாம். இரண்டாவதற்கு மூன்று கிரெடிட் கிடைக்கும். ‘சேவைவழிக் கற்றல்’ என்று பெயர்.

அங்கே அதித்லான் ஏரிக்கரையில் ஒரு மாயா பழங்குடி வீடு. பழைய அடுப்பை இடித்தாயிற்று. புகையில்லா அடுப்பு எழும்புகிறது. கரணை பிடித்தே பழக்கமில்லாத பதினைந்து பேர் சாந்து பூசுகிறார்கள். உள்ளூர்க் கொத்தனார் ரசமட்டத்தோடு பின்னாலேயே வந்து, அவர்கள் வைத்த ஒவ்வொரு கல்லையும் சத்தமில்லாமல் பெயர்த்து வைக்கிறார். முற்றத்தில் வீட்டுக்காரம்மா மூன்று கல் கூட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பதினைந்து பேருக்கும் சோள அடை தட்டுகிறார். யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், கிரெடிட் போய்விடும்.

அடுப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. விறகுப் புகை நுரையீரலை அரிப்பது உண்மை. ஆனால் ஒரு பிள்ளையின் விமான டிக்கெட் காசை அந்தக் கொத்தனார் கையில் கொடுத்தால் தெருவுக்கே அடுப்பு கட்டிவிடுவார். ஆனால் அப்போது புகைப்படத்தில் அவர் மட்டும்தான் இருப்பார். அதுதான் சிக்கல்.

மத்தியானம் ‘தலைமைப் பண்பு’ பயிற்சி. பத்தொன்பது வயதுத் தம்பி வண்ணக் காகிதத்தோடு வந்து, ஒற்றுமையாக இருப்பது எப்படி என்று சுதுஹில் மாயாக்களுக்குச் சொல்லித்தருகிறார். இந்த ஏரிக்கரையின் சந்தியாகோ அதித்லான் ஊரில்தான் 1990 டிசம்பர் 2 அன்று ராணுவம் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட்டது. ஊர் திரண்டது. கையெழுத்தும் கைநாட்டுமாக ஆயிரக்கணக்கில் சேர்த்து மனுக் கொடுத்தது. ராணுவ முகாம் மூட்டையைக் கட்டியது. ராணுவத்தையே துரத்திய ஊருக்கு ஒற்றுமைப் பாடம்! நடத்துங்கள், தம்பி.

புறப்படுமுன் நடந்த வகுப்பில் கொசு மருந்து பற்றிச் சொல்லியிருப்பார்கள். 1954-ல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த குவாத்தமாலா அதிபர் ஆர்பென்ஸின் ஆட்சியை சி.ஐ.ஏ. கவிழ்த்ததைச் சொல்லியிருப்பார்களா? பிறகு மூண்டு 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயாக்கள். குவாத்தமாலா ராணுவத்துக்குத் துணைபோனது தவறு என்று 1999-ல் அங்கேயே வந்து ஒப்புக்கொண்டவர் அமெரிக்க அதிபர் கிளிண்டன். தாத்தா காலத்தில் வீட்டைக் கொளுத்த ஆள் அனுப்பிவிட்டு, பேரன் காலத்தில் அடுப்பு கட்டித்தர வருகிறார்கள்.

1968-லேயே, மெக்சிகோ கிராமங்களுக்குக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் பாதிரியார் இவான் இல்லிச் முகத்துக்கு நேரே சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள். பின்னால் அந்த உரையையே சேவைவழிக் கற்றல் வகுப்புகளில் பாடமாக வைத்துக்கொண்டார்கள். இத்தகைய பயணங்கள் நிற்கவில்லை.

இன்றைய பிள்ளைகளிடம் குவாத்தமாலா விசா கேட்பதில்லை. 90 நாள் தங்கலாம். எதிர்த்திசையில் 2018 டிசம்பரில் அப்பாவோடு எல்லை தாண்டிய குவாத்தமாலாவின் 7 வயது மாயாச் சிறுமி அமெரிக்க எல்லைக் காவல்படையிடம் பிடிபட்டு, இரண்டே நாளில் மருத்துவமனையில் இறந்தாள். அதே மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, 8 வயது மாயாச் சிறுவன் ஒருவனும் அதே காவலில் இறந்தான்.