சந்தேகம்: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

இங்கிலீஷ் மருந்தின் மேல் நம்பிக்கை போனவர்கள் குடியிருக்க பிலிமத்தலாவையைப் போல வசதியான ஊர் வேறில்லை. கண்டிப் பக்கம் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலை. சந்தேகப்படத் தேவையான டொக்டர்மார் அத்தனை பேரும் அங்கே கிடைப்பார்கள். கொழும்புப் பக்கம் ஏறினால், கடுகண்ணாவை இறக்கம் முடிந்த பிறகு மாவனல்லைப் பகுதியின் வாசனைத் திரவியத் தோட்டங்கள். நம்பத் தேவையான எண்ணெய்கள் அத்தனையும் அங்கே போத்தலில் வரிசையாக நிற்கும். முடி வளர ஒன்று, வேண்டாத முடி உதிர இன்னொன்று, இரண்டும் ஒரே தட்டில். (மாற்றிப் பூசியவர் யாராவது இருந்தால் சந்திக்க ஆசை.) நடுவில் நம் ஊர், பித்தளை விளக்குகளைத் தெருவோரம் அடுக்கிவைத்துக்கொண்டு, போகிற வருகிற இரு சாராருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறது.

டொக்டர்மாரைச் சந்தேகப்படும் இந்தக் கலையைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்காகச் சில குறிப்புகள்.

முதலில், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும். பிறகு சந்தேகப்பட ஆள் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். "டொக்டர்மார் எல்லாம் கம்பனிக்காரனின் ஆள்" என்று சொல்லியபடியே சுகருக்கான மெற்போமினை விழுங்குவார். விழுங்கிய கையோடு, சீனி போடாத தேநீருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வார். கித்துள் பதநீரில் காய்ச்சியது, இயற்கை, சுகர் ஏறாது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. கிளினிக் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து மட்டும் பத்தியம் காப்பார். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தை வருஷக்கணக்காக இப்படியே ஏமாற்றிவந்தார். பிறகு எச்பிஏ1சி பரிசோதனை வந்தது. சிவப்பணுவில் ஒட்டிய சீனியைப் பார்த்து இரண்டு மூன்று மாதக் கணக்கை மொத்தமாகச் சொல்லிவிடுகிற பரிசோதனை அது. நவீன மருத்துவத்தின் மேல் அவருக்கு உண்மையான வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது நாட்கணக்கு. தடிமனோ காய்ச்சலோ வந்தால் முதல் நாள் பனடோல், இரண்டாம் நாள் சமஹன், மூன்றாம் நாள் கொத்தமல்லி அவித்த தண்ணீர், நான்காம் நாள் டிஸ்பென்சரியில் நிறம் நிறமாக மூன்று மாத்திரை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கசாயத்தோடு வருவார். ஆறாம் நாள் உங்களுக்குச் சுகமாகிவிடும். புகழ் முழுக்க அந்தக் கசாயத்துக்கு. சாதாரணத் தடிமன் பெரும்பாலும் அந்த அளவு நாளில் தானாகப் போய்விடும் என்பதை இங்கே யாரும் சொல்லிக் குழப்பத் தேவையில்லை. ஊரில் வைத்தியர் என்று பெயர் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொழில் இரகசியம் கிடையாது: ஐந்தாம் நாளில் போங்கள். முதல் நாளில் போகிறவர்கள் டொக்டர்கள். அதனால்தான் அவர்களுக்குப் பெயர் கெடுகிறது. முழங்கால் வலிக்கும் இதே கணக்குத்தான். வலி உச்சத்துக்குப் போகிற அன்றுதான் எண்ணெய் தேடிப் புறப்படுகிறோம். உச்சத்திலிருந்து வலி எங்கே போகும், இறங்கத்தானே செய்யும்?

மூன்றாவது, ஆராய்ச்சியைக் கையாளும் முறை. 2005இல் ஜோன் இயோனிடிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை பொய் என்று வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசிக்க வேண்டாம், பெயரை மட்டும் பாடமாக்குங்கள். வாசித்தால் சிக்கல். சின்னச் சின்ன ஆய்வுகள், சிறிய விளைவுகள், விரும்பிய விடை வரும்வரை கணக்கை வளைக்கும் பழக்கம், பணம் கொடுத்தவனின் நலன் என்று அவர் குறை சொல்லும் இடங்களெல்லாம் உங்கள் வட்ஸ்அப்பில் வரும் 'ஆராய்ச்சி சொல்கிறது' வகைக்கே கச்சிதமாகப் பொருந்தும். பல்லாயிரம் பேரை வைத்துச் செய்த தடுப்பூசி ஆய்வை இயோனிடிஸின் பெயரால் தள்ளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் பெயர் சொல்லாத டொக்டரின் குரல் பதிவை, தொண்டை கரகரக்கிறது என்பதற்காகவே நம்புங்கள்.

ஒரு கணக்கு மட்டும் உண்மையிலேயே தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் கம்பனிக்காரரும் கசாயக்காரரும் அதே கணக்கில்தான் விளையாடுகிறார்கள். 1000 பேரில் 2 பேருக்கு வரும் நோய் ஒரு மருந்தால் 1 ஆளுக்கு மட்டும் என்று குறைந்ததாக வையுங்கள். விளம்பரத்தில் அது '50 வீதம் குறைப்பு'. அந்த ஒருவருக்காக 1000 பேர் மருந்தை விழுங்கினார்கள் என்பதும் அதே உண்மைதான், ஆனால் அதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்க மாட்டார்கள். இதைப் புரிந்துகொண்ட நாள் நான் மாமாவிடம் விளக்கப் போனேன். "அப்ப அம்பது வீதம் பொய்யா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை மாமா, உண்மைதான் என்றேன். முகம் வாடிவிட்டது.

இனி உயர்நிலைப் பாடம்: ஆய்வுக்கு மேற்பார்வையாளராகத் தெய்வத்தை அமர்த்துவது. இதில் இலங்கைக்குச் சமமாக உலகில் எந்த நாடும் இல்லை என்று நினைக்கிறேன். 2011இல் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நளின் டி சில்வாவும் அவரைச் சேர்ந்தவர்களும் ரஜரட்டைப் பகுதியில் பரவிய சிறுநீரக நோய்க்கு ஆர்சனிக் காரணம் என்றார்கள். தகவல் நாத தெய்வத்திடமிருந்து வந்ததாம். நாத தேவாலயம் கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னாலேயே இருக்கிறது. நாங்கள் அத்தனை வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறோம், ஒரு மில்லிகிராம் கூட எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த நோய்க்கு இதுதான் ஒரே காரணம் என்று இன்றுவரை எதுவும் உறுதியாகவில்லை.

ஆனால் அதெல்லாம் ஒத்திகை. நாடகம் 2020 டிசம்பரில், இங்கிருந்து இறங்கினால் எட்டிவிடுகிற கேகாலை ஹெட்டிமுல்லயில் நடந்தது. தம்மிக்க பண்டார என்பவர், காளி தனக்குச் சொன்னதாக ஒரு பாணி காய்ச்சினார். தேனும் சாதிக்காயும் சேர்ந்தது. குடித்தால் கோவிட் வராது, வந்தாலும் போய்விடும். காளியம்மன் எங்கள் பக்கத்துத் தெய்வம். அம்மன் கோயில்களில் கூழ் குடித்திருக்கிறோம், வேப்பிலை வாங்கியிருக்கிறோம். கோவிட்டுக்குப் பக்குவம் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி கமெராக்களுக்கு முன்னால் பாணியைப் பருகினார். (ஒரு மாதம் முன்பு, கொரோனாவை விரட்ட மந்திரித்த தண்ணீர்க் குடத்தை ஆற்றில் விட்டவரும் அவரே.) டிசம்பர் 8ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் ஹெட்டிமுல்லயில் திரண்டார்கள். தொற்றுக்கு மருந்து வாங்க, தொற்று பரவ எவ்வளவு நெருக்கம் வேண்டுமோ அவ்வளவு நெருக்கமாக நின்றார்கள். உணவுச் சேர்க்கைப் பொருள் என்ற பெயரில் அந்தப் பாணிக்கு அனுமதியும் கிடைத்தது.

2021 ஜனவரியில் அமைச்சருக்குத் தொற்று உறுதியானது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று மீண்டார். பாணி அருந்திய இராஜாங்க அமைச்சர் பியல் நிஷாந்தவுக்கும் அதே மாதம் தொற்று. இதை வைத்து ஹெட்டிமுல்லக்காரரைக் கேலி செய்கிறவர்கள் கலையின் நுட்பம் தெரியாதவர்கள். 'பாணி குடித்ததால்தான் உயிர் தப்பினார்' என்று சொல்லலாம், 'கலவை சரியில்லை' என்று சொல்லலாம், 'நம்பிக்கையோடு குடிக்கவில்லை' என்றும் சொல்லலாம். தடுப்பூசி போட்டவருக்குத் தொற்று வந்தால் மட்டும் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு: ஊசி பொய்.

சாதிக்காய் பற்றி ஒரு குறிப்பு. கண்டி, மாத்தளை, கேகாலைத் தோட்டங்களில் சாதாரணமாக நிற்கிற மரம் அது. வட்டிலப்பத்துக்கு ஒரு சிட்டிகை நல்லது. கரண்டிக் கணக்கில் தின்றால் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். 'இயற்கையானது, அதனால் தீங்கில்லை' என்று உங்களிடம் யாராவது சொன்னால் சமையலறைச் சாதிக்காய் டப்பாவைக் காட்டுங்கள்.

இதுவரை சொன்னது கைபழகாதவர்களுக்கு. இனி, சிரிப்பு வராத பகுதி.

ஹெட்டிமுல்லயில் கூட்டம் நின்ற அதே வாரத்தில், கொழும்பில், பிறந்து இருபது நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலை, பெற்றோர் சம்மதிக்காத நிலையிலும், தகனம் செய்தார்கள். கோவிட்டில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றது அரசு. அடக்கம், தகனம் இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்கே அரசு பிடித்துக்கொண்டு நின்றது காளியின் வாக்கை அல்ல, நிபுணர் குழுவின் வாக்கை. 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மாவனல்லையிலிருந்து அக்குறணை வரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களில் ஒருவர் 'நிபுணர்கள் சொன்னார்கள்' என்ற வசனத்தைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால், அந்தச் சந்தேகத்தை நான் கித்துள் கருப்பட்டிச் சந்தேகத்தோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

மருந்துப் பக்கமும் அப்படித்தான். கண்டி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போய்ச் சுகாதார அமைச்சரான கெஹெலிய ரம்புக்வெல்ல, தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார். இந்த நாட்டில் மருந்துக் குப்பியைப் பார்த்துச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சந்தேகப்படுவது வேலை. தொகுதி இலக்கம் பார்க்க வேண்டும், பதிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும், துண்டில் கிறுக்கியிருப்பது என்ன மருந்து என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கருப்பட்டி கடித்துக்கொண்டு செய்ய முடியாது.

அந்த வேலையைச் செய்துகாட்டிய ஒருவர் இதே பேராதனையில் இருந்தார். சேனக பிபிலே, மருந்தியல் பேராசிரியர், அங்கே மருத்துவ பீடாதிபதியாகவும் இருந்தவர். கம்பனிகளை நம்பாதே என்று தேநீர்க் கடையில் சொல்லிவிட்டுப் போகாமல், ஒரே மருந்து எத்தனை வர்த்தகப் பெயரில், எத்தனை விலையில் நாட்டுக்குள் வருகிறது என்று கணக்கெடுத்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். மருந்தை வர்த்தகப் பெயரால் அல்ல, மூலப்பெயரால் எழுது, மொத்தமாகக் கேள்விப்பத்திரம் போட்டு மலிவாக வாங்கு என்பதுதான் அவருடைய கொள்கையின் சாரம். 1977இல் கயானாவில் இறந்தார். நாம் இன்று அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்தகத்தில் வாங்கும் மலிவு மாத்திரைக்குப் பின்னால் அவருடைய சந்தேகம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். கண்கள் விரிந்துவிட்டன. "பார்த்தியா, நான் சொன்னதைத்தானே அந்தப் பேராசிரியரும் சொல்லியிருக்கிறார்" என்றார். அந்த உற்சாகத்திலேயே இருவரும் பார்மசிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த தம்பி துண்டைப் பார்த்துவிட்டு, அதே மருந்து இரண்டு பெட்டியில் இருப்பதாகச் சொல்லி இரண்டையும் மேசையில் வைத்தான். ஒன்று அரசாங்கத்து மூலப்பெயரில், மற்றது பளபளப்பான பெட்டியில், விலை மூன்று மடங்கு.

மாமா இரண்டையும் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"மலிவானதில என்ன சத்து இருக்கப் போகுது, மகன்? அந்தக் கம்பனிச் சாமானையே குடுங்க."