பட்டயம் இல்லாத வனக்காரிகள்

மரம் நட குழி, கன்று, தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் அரசாங்கத்தை அறியாதவர்கள். பட்டயமும் வேண்டும். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைக் கன்று வளர்க்கக் கூப்பிட்டார். வனத்துறைக்காரர்களுக்குச் சிரிப்பு. அதெல்லாம் படித்தவர்கள் செய்கிற வேலையாம். காலமெல்லாம் விதைத்து, களையெடுத்து, வீட்டுக்கே சோறு போட்டவர்களுக்கு விதை முளைக்க வைக்கத் தெரியாதாம்!

பெண்கள் வாதாடவில்லை. உடைந்த பானைகளில் மண்ணை நிரப்பி, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பட்டயப் படிப்பில் கோழிக்கென்று தனிப் பாடம் இருந்திருக்காது. கூலியிலும் இயக்கம் கறார்: நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்குத்தான் காசு.

இயக்கம் தொடங்கிய அதே ஆண்டு ஜூன் 5 அன்று நைரோபியில் தலைவர்கள் நினைவாக விழா எடுத்து நட்டவை ஏழு மரங்கள். தப்பியவை இரண்டு. கைதட்டலில் ஈரப்பசை குறைவு போலும்.

2004-இல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, இயக்கம் நட்டிருந்த மரங்கள் மூன்று கோடி. மரநடு விழாவுக்குப் போகும் அன்பர்களே, கைதட்டலை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். கன்று உயிரோடிருந்தால் தட்டலாம்.