படிக்கட்டுப் பண்டிதர்

திருத்தணி மலையடிவாரத்து டீக்கடைகளில் சாயங்காலம் எட்டிப் பார்த்தால் படிக்கட்டுப் பண்டிதர் ஒருவராவது அகப்படுவார். பணி ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் செய்தித்தாள். 'அதாவது' என்று அவர் தொண்டையைச் செருமினால் தப்பிக்கத் தெரிந்தவர்கள் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

"மலைக்கு எத்தனை படி சாமி?" என்று கேட்கும் வெளியூர்க்காரர்தான் பாவம். படி ஸ்தூலம், காலம் சூட்சுமம் என்று தொடங்கி, வருஷத்துக்கு 365 நாள், அதனால் 365 படி என்று பண்டிதர் வந்து சேர்வதற்குள் அவர் தரிசனம் முடித்து இறங்கியே வந்திருக்கலாம்.

1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. டீக்கடை பெஞ்சில் இரண்டு மொழியும் புழங்கும். பண்டிதர் பேசினால் தமிழர்கள் அதைத் தெலுங்கு என்று நினைப்பார்கள். தெலுங்கர்கள் தமிழ் என்று நினைப்பார்கள். இரு தரப்பும் மரியாதையாகத் தலையாட்டும்.

"கொஞ்சம் எளிமையா சொல்லுங்க சார்" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சூரனை வென்ற முருகனின் சினமே தணிந்த தலம். இவர் சினம் தணியாது. "ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரய்யா இது! தத்துவம் என்ன தயிர்சாதமா, பிசைஞ்சு ஊட்டறதுக்கு?" என்பார். 1923-லும் 1927-லும் வெளிவந்த அந்த மேதையின் 'இந்தியத் தத்துவம்' இரண்டு பாகமும் இவர் வீட்டு அலமாரியில் உண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பிரித்திருந்தால், சமஸ்கிருதம் தெரியாத ஆங்கில வாசகருக்கும் விளங்கும்படி அவர் எழுதியிருப்பது கண்ணில் பட்டிருக்கும்.

ஒருநாள் பேத்தி கேட்டாள்: "மாயைன்னா என்ன தாத்தா?"

"சத்தும் அல்ல, அசத்தும் அல்ல, சதசத்தும் அல்ல. அநிர்வசனீயம்!"

குழந்தை விழித்தது. பாய்லருக்குப் பின்னாலிருந்து டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "சார், உங்க டீ பாக்கி மாதிரியா? இருக்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. இல்லேன்னு என்னாலயும் எழுத முடியல."

கடையே சிரித்தது. "அது லௌகிகம்!" என்று பண்டிதர் எழுந்துவிட்டார். பாக்கி அப்படியே இருந்தது. அல்லது இல்லாமலும் இருந்தது.

மாஸ்டர் சொன்னது முழு அத்வைதம் ஆகிவிடாது. ஏன் அப்படி, எதைக் கொண்டு அதை நிறுவுவது, எதிர்வாதத்துக்கு என்ன பதில் என்று போனால் புத்தகம் நீளத்தான் செய்யும். ராதாகிருஷ்ணனுக்கே இரண்டு பாகம் தேவைப்பட்டது. நீளம் குற்றமில்லை, மூட்டம்தான் குற்றம். விஷயம் பெரிது என்பதற்காக வாக்கியம் விளங்காமல் இருக்க வேண்டியதில்லை.

பண்டிதருக்கு எளிமையாகப் பேச வராது என்றும் சொல்ல முடியாது. ரயிலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "நேரா போங்க, ஸ்டேஷன் வரும். அரக்கோணத்துல இறங்கி வண்டி மாறுங்க." முடிந்தது; ஒரு 'அதாவது' கிடையாது. அந்தத் தடத்தில் அவர் பலமுறை போய் வந்தவர். அத்வைதத்தின் பக்கம் போனதே இல்லை.

ஆகையால், திருத்தணியில் என்றில்லை, எந்த ஊரில் இவரைச் சந்தித்தாலும் ஒன்று செய்யுங்கள். தலையாட்டாதீர்கள். "ஓர் உதாரணம் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் டீ பாக்கியை வைத்துவிட்டு எழுந்து போவார்.